குறி தப்பாத குண்டும் ஒரு பழைய வரைபடமும்

வியட்நாமில் மா நதிக்கு மேல் ஒரு ரயில் பாலம் இருக்கிறது. ஹனோயிலிருந்து தெற்கே நூறு கிலோமீட்டரைத் தாண்டிக் கொஞ்ச தூரம். உள்ளூரில் அதன் பெயர் ஹாம் ரோங், டிராகனின் தாடை என்று அர்த்தமாம். அமெரிக்க விமானிகள் ஊர்ப் பெயரை வைத்து தான் ஹோவா பாலம் என்பார்கள். நீளம் சுமார் 165 மீட்டர்தான். நம்ம ஊர் ஆத்துப் பாலங்களோட வெச்சுப் பார்த்தா ரொம்பச் சின்னது. ஆனா அமெரிக்க விமானப்படை, கடற்படை ரெண்டுக்கும் சேர்த்து ஏழு வருஷம் தண்ணி காட்டிய பாலம் இது!

துல்லியத் தாக்குதல், ஸ்மார்ட் குண்டு என்றெல்லாம் செய்திகளில் அடிபடும் சமாச்சாரத்தின் கதை என்னைப் பொறுத்தவரை இந்தப் பாலத்தில்தான் தொடங்குகிறது. அது எங்கே போய் நிற்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். கொஞ்சம் பொறுமையாகக் கூட வாங்க.

டிராகனின் தாடை

வடக்கிலிருந்து தெற்கே போகும் ரயிலும் சாலையும் இந்தப் பாலத்தின் மேல்தான் போயின. போருக்கான சரக்கும் அந்த வழியில்தான் போயாக வேண்டும். அதனால் 1965 ஏப்ரல் 3ஆம் தேதி 79 விமானங்கள் கிளம்பின. அவற்றில் 46 எஃப்-105 தண்டர்சீஃப். கூடவே புல்பப் என்ற ஏவுகணைகள் 32. ஏவிய பிறகு விமானியே ஒரு சின்னக் கைப்பிடியை ஆட்டி ஆட்டி அதை இலக்குக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் ஏவ முடியும். இரண்டாவதை ஏவ, சுற்றிக்கொண்டு மறுபடி அதே பீரங்கிகளுக்கு நடுவே வரணும். சரி, வந்து அடிச்சாங்களே, என்ன ஆச்சு? அதன் வெடிபொருள் வெறும் 250 பவுண்டு. பாலத்துக்கு அது டாங்கி மேல பொரி எறிஞ்ச கதைதான்.

மறுநாள் ஏப்ரல் 4, வெறும் குண்டுகளோடு 48 தண்டர்சீஃப்கள் வந்தன. பாலம் கருகியது, ஓட்டை விழுந்தது, ஆனால் விழவில்லை. அன்றைக்கு மிக்-17 விமானங்கள் திடீரென்று பாய்ந்து இரண்டு தண்டர்சீஃப்களைச் சுட்டு வீழ்த்திவிட்டன.

ஒரு விஷயத்தை யோசிச்சுப் பாருங்க. சாதாரண குண்டு ஆயிரக்கணக்கான அடி உயரத்திலிருந்து விழுகிறது. காற்று தள்ளும். கீழிருந்து சுடுவதால் விமானியால் நேர்கோட்டில் பறக்க முடியாது. பாலமோ மேலிருந்து பார்த்தால் ஒரு குச்சி. குச்சியின் பக்கத்தில் பத்தடி தள்ளி விழுந்தாலும் தண்ணீர்தான்.

1966 மே மாதம் இன்னொரு யோசனை. சி-130 சரக்கு விமானத்தில் பெரிய பெரிய கண்ணிவெடிகளைக் கொண்டுவந்து ஆற்றின் மேல்பகுதியில் போட்டார்கள். மிதந்து வந்து, பாலத்தின் இரும்பை உணர்ந்து, அடியில் வெடிக்க வேண்டும். பாலம் அசையவில்லை. அடுத்த இரவு திரும்ப வந்த இன்னொரு சி-130 குழுவோடு தொலைந்தது. 1967 மார்ச்சில் கடற்படை வால்ஐ என்ற டிவி கேமரா வைத்த குண்டுகளைக் கொண்டுவந்தது. மூன்றுமே குறி பார்த்த இடத்தில் பட்டன. அப்பவும் பாலம் நின்னுச்சு! இடிக்கிற அளவுக்கு அந்தக் குண்டில் சரக்கு இல்லை.

பழைய குண்டு, புது மூக்கு

இந்த நேரத்தில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தில் வெல்டன் வேர்ட் என்ற பொறியாளரின் குழு ஒரு சிக்கனமான வழியைப் பிடித்தது. கால்குலேட்டர் செய்த அதே கம்பெனிதான் :-) புதுசா ஆயுதமே செய்யவேண்டாம், கிடங்கில் குவிந்து கிடக்கும் சாதாரண குண்டுக்கே ஒரு மூக்கும் சில சிறகுகளும் மாட்டினால் போதும் என்பதுதான் அது. ஒரு விமானம் இலக்கின் மேல் லேசர் ஒளியைப் பிடித்துக்கொண்டே இருக்கும். மூக்கில் நாலு பகுதியாகப் பிரித்த உணரி, திரும்பி வரும் ஒளி எந்தப் பகுதியில் அதிகம் விழுகிறது என்று பார்க்கும். அந்தப் பக்கம் சிறகைத் திருப்பும். அவ்வளவுதான். பெயர் பேவ்வே. 1968லேயே வியட்நாமில் சோதித்துவிட்டார்கள். அதே வருடம் வடக்கின் மேல் குண்டுவீச்சு நிறுத்தப்பட்டதால் பாலம் தப்பித்தது.

1972ல் குண்டுவீச்சு மறுபடி தொடங்கியது. மே 13 அன்று பாந்தம் விமானங்கள் 2000, 3000 பவுண்டு லேசர் குண்டுகளோடு வந்தன. பாலத்தின் மேற்குப் பகுதி அடித்தளத்திலிருந்து பெயர்ந்து விழுந்தது. ஏழு வருடம், நூற்றுக்கணக்கான பயணங்கள், எத்தனையோ விமானங்கள் செய்ய முடியாததை ஒரே நாளில் முடித்துவிட்டார்கள். (பாலத்தைப் பிறகு சரிசெய்துவிட்டார்கள் என்பது வேறு கதை.)

பாக்தாத்

அடுத்த கட்டம் 1991 ஜனவரி 17. ரேடாருக்கு எளிதில் சிக்காத எஃப்-117 விமானங்கள் பாக்தாத்தின் மேல் லேசர் குண்டு போட்டன. வளைகுடாவில் நின்ற போர்க்கப்பல்கள் டோமஹாக் ஏவுகணைகளை அனுப்பின. அதில் ஒன்று மிசௌரி. 1945 செப்டம்பர் 2ல் ஜப்பான் சரணடைந்து கையெழுத்துப் போட்டது இந்தக் கப்பலின் மேல்தளத்தில்தான். பெரிய பீரங்கிகளுக்காகக் கட்டிய கிழட்டுக் கப்பல், 45 வருஷம் கழிச்சு கம்ப்யூட்டர் ஏவுகணை விட்டது.

அந்த டோமஹாக் எப்படி வழி கண்டுபிடித்தது தெரியுமா? கீழே உள்ள நிலத்தின் மேடு பள்ளத்தை அளந்து, தன் நினைவில் ஏற்றிய வரைபடத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே போகும். இலக்குக்கு அருகில் கேமராப் படத்தை ஏற்கனவே இருக்கும் படத்தோடு ஒப்பிடும். அதாவது யாரோ ஒருத்தர் போட்டுக் கொடுத்த வரைபடம்தான் அதுக்கு உலகம். இதை மனசுல வெச்சுக்கோங்க.

குறுக்குக்கோட்டுக்கு நடுவே கட்டடம் வெடிக்கும் கருப்பு வெள்ளைப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. ஆனால் அந்தப் போரில் விழுந்த குண்டுகளை எடை போட்டால், வழிகாட்டப்பட்டவை பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. மிச்சமெல்லாம் பழைய குண்டுதான், டிவியில் வரவில்லை, அவ்வளவே.

1991 பிப்ரவரி 13 அதிகாலை, பாக்தாத்தின் அமிரியா பகுதியில் ஒரு கான்கிரீட் கட்டடத்தின் மேல் இரண்டு 2000 பவுண்டு லேசர் குண்டுகள் விழுந்தன. இரண்டும் சரியாகக் குறி பார்த்த இடத்தில். ராணுவத்தின் கட்டளை மையம் என்றது அமெரிக்கா. உள்ளே இருந்தது, குண்டுவீச்சுக்குப் பயந்து ராத்திரி தூங்க வந்த குடும்பங்கள். 400க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள்.

பெல்கிரேட்

லேசருக்கு மேகமும் புகையும் எதிரி. அதனால் அடுத்து ஜேடாம் வந்தது. செயற்கைக்கோளிடமிருந்து தன் இருப்பிடத்தைத் தெரிந்துகொண்டு, கொடுத்த ஆயத்தொலைவுகளில் போய் விழும். மழையோ இருட்டோ கவலையில்லை. 1999 கொசோவோ போரில் முதல்முறையாக இறங்கியது. அமெரிக்காவிலிருந்து பி-2 விமானம் கிளம்பி, வழியில் எரிபொருள் நிரப்பி, குண்டு போட்டுவிட்டுத் திரும்ப சுமார் 30 மணி நேரம்.

1999 மே 7 இரவு, பெல்கிரேடில் ஒரு கட்டடத்தின் மேல் ஐந்து ஜேடாம்கள். அது சீனத் தூதரகம். மூன்று சீனப் பத்திரிகையாளர்கள் இறந்தார்கள். அமெரிக்கா சொன்ன விளக்கம்: யூகோஸ்லாவிய ராணுவக் கொள்முதல் அலுவலகம்தான் குறி. அதன் இடத்தை சிஐஏ தப்பாகக் கணித்துவிட்டது. பார்த்த வரைபடங்களில் தூதரகம் பழைய இடத்திலேயே இருந்தது. உண்மையான அலுவலகம் சில நூறு மீட்டர் தள்ளி! கிளிண்டன் மன்னிப்புக் கேட்டார். சீனா இந்த விளக்கத்தை ஏற்கவே இல்லை.

விளக்கம் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போ அந்த ஐந்து குண்டும் தப்பே பண்ணலை. சொன்ன முகவரிக்குப் போய்ச் சேர்ந்தன. முகவரிதான் தப்பு.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பாலத்துக்காக நூறு குண்டு போடுவதைவிட ஒன்று போடுவது நல்லது. சுற்றி இருக்கும் வீடுகள் பிழைக்கும். இதை மறுப்பதற்கில்லை. ஆனால் தான் ஹோவாவில் குண்டு ஆற்றில் விழுந்தபோது பழியைக் காற்றின் மேல் போட முடிந்தது. அமிரியாவில் காற்று இல்லை, விமானியின் கையும் நடுங்கவில்லை. அந்தக் கட்டடத்துக்குள்ள யார் இருக்கான்னு ஒரு மேசையில் உட்கார்ந்து எழுதினவர் தப்பா எழுதிட்டார்.

இனிமே செய்தியில் "துல்லியத் தாக்குதல்" என்று வந்தால் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: இலக்கைப் பட்டியலில் எழுதியது யார், எந்தத் தகவலை வைத்து? குண்டு சரியாக விழுந்ததா என்பதற்கு 1972லேயே பதில் கிடைத்துவிட்டது.