எர்ணாவூர் கடலோரமும் சென்னைத் துறைமுகமும்

சென்னையின் பழைய கட்டுமானங்களைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் ஜார்ஜ் கோட்டை, உயர்நீதிமன்றம், எழும்பூர் ரயில் நிலையம் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு, மெரினாவில் சுண்டலோடு முடித்துக்கொள்வார்கள். வடசென்னைப் பக்கம் தலைவைத்துப் படுப்பவர்கள் குறைவு. ஆனால் ராயபுரத்தில் தொடங்கி எர்ணாவூர் வரை கடலோரமாகப் போனால் ஒரு நாள் முழுக்கப் பார்க்க விஷயம் இருக்கிறது.

ராயபுரம் ரயில் நிலையம் பலருக்கும் தெரிந்ததுதான். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்து வாலாஜா நோக்கிப் புறப்பட்டது. இந்தியாவில் இன்றும் நிற்கும் நிலையக் கட்டடங்களில் இதுவே மிகப் பழையது. 2005-ல் புதுப்பித்தார்கள். தூண்களைப் பார்த்துவிட்டு வடக்கே நகரலாம்.

எர்ணாவூரில் பார்க்க வேண்டியது கட்டடம் அல்ல, கடலோரத்தில் கொட்டிக் கிடக்கும் கருங்கல். இந்தக் கல்லின் கதை பத்துக் கிலோமீட்டர் தெற்கே, துறைமுகத்தில் ஆரம்பிக்கிறது.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தள்ளி நிற்கும். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில்தான் ஆட்களும் சரக்கும் அலையைத் தாண்டிக் கரை சேர வேண்டும். 1861-ல் ஓர் இரும்புப் பாலத்தைக் கடலுக்குள் நீட்டினார்கள். புயலில் அது தாக்குப்பிடிக்கவில்லை. 1875-ல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்ட, கடலுக்குள் இரண்டு கல் கரங்களைக் கட்டத் தொடங்கினார்கள். 1881 புயல் அவற்றையும் உடைத்துப் போட்டது! விடாமல் மறுபடி கட்டினார்கள்.

இங்கேதான் சிக்கல். இந்தக் கடற்கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் அதை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் தெற்கே தள்ளும். ஆனால் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். துறைமுகச் சுவர் அதைக் குறுக்கே மறித்தது. மணல் தெற்கில் குவிந்தது. 1884-ல் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாச்சாலை அமைத்து ‘மெரினா’ என்று பெயர் வைத்த கரை அப்படித்தான் அகன்றுகொண்டே போனது. கிழக்கே பார்த்த துறைமுக வாயிலையும் மணல் மிரட்டவே, 1904-ல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் அதை மூடி, வாயிலை வடக்குப் பக்கம் திருப்பினார். பொறியியலாகப் பார்த்தால் கெட்டிக்கார வேலைதான்.

ஆனால் வடக்கே மணல் வரத்து நின்றது. அலை எடுத்துப் போனதற்கு ஈடு வரவில்லை. ராயபுரத்தில் தொடங்கிய அரிப்பு, கல் கொட்டக் கொட்ட அடுத்த குப்பத்துக்கு நகர்ந்து, திருவொற்றியூர், எர்ணாவூர் வரை வந்தது. தெருக்களும் வீடுகளும் கடலுக்குள் போயின. மெரினாவில் பட்டம் விடுகிறவர்களின் காலடியில் இருப்பது ஒருவகையில் எர்ணாவூருக்கு வர வேண்டிய மணல்!

பின்வாங்கவும் இடமில்லை. கிழக்கே கடல் என்றால் மேற்கே ரயில்பாதை, அதற்கும் அப்பால் 1806-ல் காக்ரேன் எண்ணூர் வரை வெட்டிய, பிற்பாடு பக்கிங்ஹாம் பெயர் பெற்ற கால்வாய்.

கல்சுவர் வீட்டைக் காக்கும், தொழிலைக் காக்காது. கட்டுமரம் ஏற்றவும் கரைவலை இழுக்கவும் மணல் சரிவு வேண்டுமே! அதனால்தான் கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகள் வந்தன. இரண்டு வளைவுகளுக்கு நடுவே மணல் கொஞ்சம் சேர்கிறது, படகுகளும் ஏறுகின்றன. வளைவுகள் முடியும் இடத்துக்கு வடக்கே அரிப்பு மறுபடி ஆரம்பிக்கும்.

பார்க்கப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுவது நல்லது. எண்ணூர் விரைவுச் சாலையில் அதே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிவிட்டால் நகர முடியாது.