பந்து ஏறும் பெட்டி

பக்கவாதத்தில் இடக்கையும் இடக்காலும் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்த பெரியப்பா வீடு திரும்பியபோது, மருந்துப் பையோடு ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் வந்தது. மூன்று தூண்கள், தூணுக்கு ஒரு பந்து, பக்கத்தில் ஒரு குழாய், அதன் நுனியில் வாயில் வைக்கும் துண்டு. "ஊதுற மெஷின்" என்று பெரியம்மா பெயர் வைத்தார். பெரியப்பாவும் கன்னம் உப்ப ஊதினார். பந்துகள் அசையவே இல்லை. பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்பியவர்கள் ஒருமுறை செய்து காட்டியிருக்கலாம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

அது ஊதுவதற்கானதல்ல, மூச்சை உள்ளே இழுப்பதற்கானது. ஆனால் அந்தப் பெட்டியின் முன்னோர்கள் எல்லோரும் ஊதத்தான் சொன்னார்கள்.

1846இல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர் தம் மூச்சளவுக் கருவியைப் பற்றி விரிவாக எழுதினார். தண்ணீருக்குள் கவிழ்த்து வைத்த பாத்திரம் ஒன்று, அதற்குள் செல்லும் குழாய் ஒன்று. நெஞ்சு நிறைய இழுத்துக் குழாயில் ஊதினால் பாத்திரம் மேலெழும்; எழுந்த உயரம்தான் மூச்சின் அளவு. மாலுமிகள், போலீஸ்காரர்கள், குத்துச்சண்டை வீரர்கள், அச்சுத் தொழிலாளர்கள் என இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அவர் ஊத வைத்தார். ஆள் உயரமாக இருந்தால் மூச்சும் கூடுதலாக இருப்பதைக் கண்டார். ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகளுக்கும் இது உதவும் என்று நினைத்தார். பிறகு ஆஸ்திரேலியா போய், 1861இல் ஃபிஜித் தீவில் இறந்தார். அவர் கருவி அளந்தது, அவ்வளவே. யாருடைய மூச்சையும் அது வளர்க்கவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு வேறொன்று வந்தது. இரண்டு பாட்டில்களைக் குழாயால் இணைத்து, ஒன்றிலிருக்கும் தண்ணீரை ஊதி மற்றதற்குத் தள்ளச் சொன்னார்கள். அதுவும் ஊதல்தான்.

திசையைத் திருப்பியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் ராபர்ட் பார்ட்லெட். நாம் அறியாமலே மணிக்குப் பல தடவை பெருமூச்சு விடுகிறோம், கொட்டாவியும் வருகிறது. ஒடுங்கிய நுரையீரல் அறைகளை விரித்து வைப்பது அந்த ஆழ்ந்த இழுப்பு. வயிற்றில் தையல் போட்டவருக்கு வலியால் அது நின்றுபோகிறது. அப்படிப்பட்டவரை ஊதச் சொன்னால் இருக்கும் காற்றும் வெளியேறுமே தவிர, அறை விரியாது. அதனால் 1970களின் தொடக்கத்தில் பார்ட்லெட்டும் அவருடன் இருந்தவர்களும் இழுக்கச் சொல்லும் கருவியைக் கொண்டு வந்தார்கள். எவ்வளவு இழுத்தோம் என்று நோயாளியே கண்ணால் பார்க்கலாம் என்பதுதான் அதன் ஊக்கம்.

மலிவான பிளாஸ்டிக்கில் அது மூன்று பந்துகளானது. விநாடிக்கு 600 மில்லி வேகத்தில் இழுத்தால் முதல் பந்து ஏறும். 900இல் இரண்டாவது, 1200இல் மூன்றாவது. இந்த எண்கள் வேகத்தைச் சொல்கின்றன, அளவை அல்ல. வெடுக்கென்று இழுத்து மூன்றையும் ஒரு கணம் துள்ள வைப்பதைவிட, ஒரே பந்தை மெல்ல ஏற்றி இரண்டு மூன்று விநாடி மேலே நிறுத்துவது எவ்வளவோ மேல். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது மருந்துக் கடைகளில் இதைக் கேட்டு வாங்கிப்போன பலருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்காது.

பக்கவாதக்காரரின் கட்டிலருகே இந்தப் பெட்டி தாமதமாகத்தான் வந்தது. அவருக்கு மூச்சு இயங்குகிறது, தூங்கும்போதும் ஓடுகிறது. அதை மூளைத்தண்டு பார்த்துக்கொள்கிறது. "ஆழமா இழுங்க" என்றால் மட்டும் மேல்மூளையிலிருந்து கட்டளை போக வேண்டும். கை கால் விழுந்த அதே பக்கத்தில் நெஞ்சுத் தசைகளும் உதரவிதானமும் அந்தக் கட்டளைக்குப் பலருக்குத் தளர்ந்தே அசைகின்றன. ஆழமாக இழுக்க முடியாதவரால் பலமாக இருமவும் முடியாது. விழுங்குவதும் தடுமாறினால் கஞ்சியும் எச்சிலும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டு விடும். பக்கவாதத்துக்குப் பின் வரும் சாவுகளில் அதற்குப் பெரிய பங்குண்டு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பக்கவாதத்தில் மூச்சுத் தசை வலுப்பெறுவதாகக் காட்டிய ஆய்வுகள் பெரும்பாலும் வேறொரு கருவியில் நடந்தவை. அதில் சுருள்வில் வைத்த வால்வு இழுப்பை எதிர்க்கும். எதிர்ப்பைப் படிப்படியாகக் கூட்டலாம். மூன்று பந்துப் பெட்டி அந்தச் சுமையைத் தராது. ஆனாலும் வீட்டுக்கு வருவது இதுதான்.

எங்கள் வீட்டில் அதற்கு வழி காட்டியது வாரம் மூன்று நாள் வந்த பிசியோதெரபிப் பெண். பெரியப்பாவை நிமிர்த்தி உட்கார வைத்து, இடக்கைக்குக் கீழே தலையணை கொடுத்தார். "ஊதாதீங்கப்பா. இளநீரை ஸ்ட்ரா வச்சு உறிஞ்சுற மாதிரி இழுங்க" என்றார். அப்போதும் பந்து எழவில்லை. கோணியிருந்த இடது வாயோரம் மூடாமல் காற்று அந்த வழியே புகுந்துகொண்டிருந்தது. "அம்மா, இங்க பிடிச்சுக்கோங்க" என்று பெரியம்மாவின் இரண்டு விரல்களை எடுத்து அந்த இடத்தில் வைத்தார். முதல் பந்து நடுங்கிக்கொண்டே பாதித் தூண் ஏறியது. நாலைந்து முறைக்கு மேல் வேண்டாம், தலை சுற்றும் என்று நிறுத்திவிட்டார்.

பிறகு காலை, மதியம், மாலை என்று பெரியம்மாவின் விரல்கள் அந்த வாயோரத்தில் இருந்தன. இரண்டாவது பந்து ஏற மாதங்கள் ஆயின. ஒருநாள் காபி புரையேறியபோது பெரியப்பா வீடு அதிர இருமினார். பெரியம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்து, அவர் முதுகைத் தடவிக்கொண்டே அழுதார்.

பெட்டி இப்போது அலமாரியில் இருக்கிறது. வாய்த்துண்டின் வலப்பக்கத்தில் மட்டும் பல் பதிந்த தடம்.