நுண் கருந்துளைகளைத் தேடிய வரலாறு

துகள்களை மிகுந்த வேகத்தில் மோதவிடும்போது அணுவினும் சிறிய கருந்துளைகள் தோன்றுகின்றனவா என ஆராய்வதே நுண் கருந்துளைத் தேடல் ஆகும். இதுவரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆயினும் இத்தேடல் இயற்பியலுக்குப் பயன் தந்துள்ளது.

கருத்தின் தோற்றம்

எந்தப் பொருளையும் போதிய அளவு நெருக்கினால் அது கருந்துளையாகும் என்கிறது பொதுச் சார்பியல் கோட்பாடு. ஆனால் வழக்கமான கணக்குப்படி, இரு துகள்களை மோதவிட்டு ஒரு கருந்துளையை உண்டாக்கத் தேவையான ஆற்றல், இன்றைய மோதுவிகளின் ஆற்றலைவிடக் கோடி கோடி மடங்கினும் அதிகம்.

1998இல் நிமா அர்கானி ஹமெத், சவாஸ் டிமோபவுலோஸ், ஜியா துவாலி ஆகியோர் புதிய கருத்தொன்றை முன்வைத்தனர். நாம் அறிந்த மூன்று பரிமாணங்களுக்கு அப்பாலும் வெளியில் பரிமாணங்கள் இருந்தால், மிகக் குறுகிய தொலைவில் ஈர்ப்பு விசை வலிமை பெறும் என்றனர். அப்படியானால் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வு மையம் அமைத்துவந்த பெரிய ஹாட்ரான் மோதுவியிலேயே நுண் கருந்துளைகள் தோன்றக்கூடும் என 2001இல் வெளியான ஆய்வுக் கட்டுரைகள் கணித்தன. ஸ்டீபன் ஹாக்கிங் 1974இல் கூறிய கதிர்வீச்சினால் அவை தோன்றிய கணமே பல துகள்களாகச் சிதறிவிடும். அந்தச் சிதறலே தேடப்படும் அடையாளம்.

அச்சமும் விடையும்

27 கி.மீ. சுற்றளவுள்ள அம்மோதுவி 2008 செப்டம்பர் 10 அன்று இயங்கத் தொடங்கியது. அது பூமியையே விழுங்கும் கருந்துளையை உண்டாக்கும் என்ற வதந்தி எங்கும் பரவியது. இந்தியத் தொலைக்காட்சிகள் சிலவும் அதைப் பெரிதாக்கின. அஞ்சிய மக்கள் கோயில்களில் கூடி வழிபட்டனர்.

விடை வானத்திலேயே இருந்தது. விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதித் துகள் மழையாகப் பொழிகின்றன. குற்றாலம் ஐந்தருவியில் குளிப்பவரின் உள்ளங்கை வழியாகவும் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் துகள் கடந்து செல்கிறது. ஊட்டியில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் 'கிரேப்ஸ்-3' ஆய்வகம் இத்துகள் மழையைத்தான் பதிவு செய்கிறது. பூமி தோன்றியது முதல் இன்றுவரை, மோதுவியின் முழு ஆய்வைப்போல் மிகப் பல ஆய்வுகளுக்கு ஈடான மோதல்களை இயற்கையே இங்கு நிகழ்த்திவிட்டது என செர்ன் பாதுகாப்புக் குழு 2008இல் கணக்கிட்டது.

அண்டக்கதிரால் உண்டாகும் கருந்துளை வேகமாகப் பூமியைக் கடந்து போய்விடாதா என்று சிலர் வினவினர். அடர்த்தி மிக்க நியூட்ரான் விண்மீன்கள் அதனைத் தடுத்து நிறுத்திவிடும். ஆபத்து இருந்தால் அவை முன்பே அழிந்திருக்கும். அவை இன்றும் நிலைத்துள்ளன.

தேடலின் முடிவு

2010 மார்ச் 30 முதல் 7 டெரா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் மோதல்கள் நடந்தன. மோதுவியின் உணர்கருவிகளுள் ஒன்றான சிஎம்எஸ் கருவியில் இந்திய நிறுவனங்களுக்கும் பங்குண்டு. அதன் வெளிப்புற ஹாட்ரான் ஆற்றல்மானியை உருவாக்கியதில் டாட்டா நிறுவனம் பங்காற்றியது. சென்னை ஐஐடியும் பின்னர் அக்குழுவில் சேர்ந்தது.

2010 டிசம்பரில் அக்குழு தன் முதல் முடிவை வெளியிட்டது. 3.5 முதல் 4.5 டெரா எலக்ட்ரான் வோல்ட் நிறை வரை கருந்துளை எதுவும் காணப்படவில்லை. ஆற்றல் 13 டெரா எலக்ட்ரான் வோல்ட்டாக உயர்ந்த பிறகும் நிலை மாறவில்லை. இதனால் கூடுதல் பரிமாணங்கள் பற்றிய பல கணிப்புகள் விலக்கப்பட்டன. 'இல்லை' என்ற விடையும் அறிவியலில் ஓர் அறிவே.