கார்லோவி வாரி

கார்லோவி வாரி, செக் குடியரசின் மேற்குப் பகுதியான பொகீமியாவில் அமைந்துள்ள வெந்நீரூற்று நகரமாகும். தெப்லா ஆறு ஓஹ்ரே ஆற்றுடன் கலக்கும் இடத்தில் உள்ளது. ஜெர்மன் மொழியில் கார்ல்ஸ்பாட் எனப்படும். 2021 இல் யுனெஸ்கோ உலக பாரம்பரியக் களமாக அறிவித்த, 7 நாடுகளைச் சேர்ந்த 11 ஐரோப்பிய ஊற்று நகரங்களுள் இதுவும் ஒன்று.

பெயர்

புனித ரோமப் பேரரசர் நான்காம் சார்லசின் பெயரால் இந்நகரம் அழைக்கப்படுகிறது. வேட்டையின்போது அவரது நாய் வெந்நீரில் விழுந்ததால் ஊற்று கண்டறியப்பட்டது என்பது மரபுவழிக் கதை. 1370 இல் அவர் இவ்வூருக்கு நகர உரிமைகளை வழங்கினார்.

ஊற்றுகள்

நிலத்தினுள் ஆழமாக இறங்கும் மழைநீர் அங்கு சூடேறி, கனிமங்களையும் கார்பன் டை ஆக்சைடையும் கரைத்துக்கொண்டு பாறைப் பிளவுகள் வழியே மேலெழுகிறது. மேலே வரும்போது அழுத்தம் குறைவதால் வாயு பிரிந்து நீரை உந்துகிறது. முதன்மை ஊற்றான விரீட்லோ ஏறத்தாழ 73° செல்சியசு வெப்பத்துடன் 12 மீட்டர் உயரம் வரை பீச்சியடிக்கிறது.

வாயு வெளியேறியதும் நீரிலுள்ள கால்சியம் கார்பனேட்டு கல்லாகப் படிகிறது. ஊற்றைச் சுற்றியுள்ள பழைய நகரப்பகுதி இவ்வாறு உருவான கல் படலத்தின் மீதே நிற்கிறது. இந்நீரில் வைக்கப்படும் காகித ரோசாக்கள் சில நாட்களில் கல் பூசப்பெற்று நினைவுப்பொருட்களாக விற்கப்படுகின்றன.

மருத்துவமும் கட்டடங்களும்

தொடக்கத்தில் நோயாளிகள் நீண்ட நேரம் வெந்நீரில் அமர்ந்திருந்தனர். 18 ஆம் நூற்றாண்டில் மருத்துவர் டேவிட் பெக்கர், ஊற்றருகிலேயே நீரைப் பருகி நடைப்பயிற்சி செய்வதை வலியுறுத்தினார். மழையிலும் நடப்பதற்கு வசதியாகத் தூண் மண்டபங்கள் எழுந்தன. இவற்றுள் புகழ்பெற்றது, யோசெப் சீத்தெக் வடிவமைத்து 1871-1881 இல் கட்டப்பட்ட, 124 தூண்களைக் கொண்ட ஆலை மண்டபம்.

வரலாறு

1819 இல் ஜெர்மன் நாடுகளின் அமைச்சர்கள் இங்கு கூடி, பத்திரிகைகளையும் பல்கலைக்கழகங்களையும் கட்டுப்படுத்தும் கார்ல்ஸ்பாட் ஆணைகளை வகுத்தனர். நகர மக்களுள் பெரும்பான்மையினராக இருந்த ஜெர்மன் மொழியினர் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளில் செக் மக்கள் குடியேறினர். இன்று காணப்படும் அழகிய கட்டடங்களிற் பல, அவற்றைக் கட்டிய சமூகம் இல்லாமலேயே நிலைத்துள்ளன.

பயணிகளுக்கு

மண்டபங்களில் ஊற்றுநீரை இலவசமாகப் பருகலாம். கைப்பிடியே உறிஞ்சுகுழலாக அமைந்த பீங்கான் குவளைகள் கடைகளில் கிடைக்கும். நீர் உவர்ப்பானது, இதிலுள்ள சல்பேட்டு உப்புகள் பேதியை உண்டாக்கக்கூடியவை. எனவே சுவைத்துப் பார்ப்பவர்கள் சில மிடறுகளுடன் நிறுத்திக்கொள்வது நல்லது. சிகிச்சைக்காகப் பருகுவோருக்கு எந்த ஊற்று, எவ்வளவு என்பதை மருத்துவரே வரையறுப்பார்.