பே-சான்-போல்

பே-சான்-போல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில், சார்லவுவா வட்டாரத்தில் உள்ள ஆற்றோரச் சிறுநகரம். கியூபெக் நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 95 கி.மீ. தொலைவில், கூஃப்ர ஆறு செயின்ட் லாரன்ஸ் பேராற்றில் கலக்குமிடத்தில் அமைந்துள்ளது. மக்களின் மொழி பிரெஞ்சு.

ஊர் இருக்கும் நிலமே ஒரு வியப்பு. பல கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதி உண்டான, சுமார் 54 கி.மீ. விட்டமுள்ள பள்ளத்துக்குள் அது அடங்கியிருக்கிறது. 1663ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கம் இவ்வட்டாரத்தை உலுக்கியது.

17ஆம் நூற்றாண்டில் 'புதிய பிரான்சு' குடியேற்றத்தின்போது இங்கு வேளாண் குடும்பங்கள் வந்தன. 1763இல் பாரிஸ் உடன்படிக்கை இப்பகுதியைப் பிரிட்டனிடம் சேர்த்தது. மொழியும் கத்தோலிக்க வழிபாடும் மாறவில்லை. 20ஆம் நூற்றாண்டில் கிளாரன்ஸ் கன்யோன் முதலிய ஓவியர்கள் இதன் பனிக்கால வீதிகளைத் தீட்டினர். 1980களின் தொடக்கத்தில் இங்கு கூடிய பொய்க்கால் கலைஞர்களின் குழுவிலிருந்தே, 1984இல் 'சிர்க் டு சொலெய்' என்னும் சர்க்கஸ் நிறுவனம் பிறந்தது.

அருகிலுள்ள ல மசீஃப் மலை பனிச்சறுக்குக்குப் பேர்பெற்றது. அதன் சரிவு உயரம் 770 மீ. தொடக்க ஆண்டுகளில் சறுக்குவோரைப் பள்ளிப் பேருந்துகளே மேலே ஏற்றிச் சென்றன. சறுக்கி இறங்கும்போது, பனிக்கட்டிகள் மிதக்கும் செயின்ட் லாரன்ஸ் கண்முன்னே விரிகிறது.