பட்டிப்பளை ஆறும் மக்கள் வாக்கும்

கல்முனைக்கு அருகே கரைவாகு, சம்மாந்துறை, நிந்தவூர் முதலிய ஊர்களின் வயல்வெளிகளை வளம்படுத்துவது பட்டிப்பளை ஆறு. கல்லோயா என்பதும் இதுவே. இதன் நீரைப் பங்கிடும் உரிமை யாருக்கு என்னும் வினா, அணைக்கட்டுக்கு நெடுங்காலம் முந்தியது. 1856ஆம் ஆண்டில், தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில் வந்த நீர்ப்பாசனச் சட்டம், வயற்சொந்தக்காரரின் கூட்டத்துக்கும் பண்டை வழக்காறுகளுக்கும் சட்டவலு ஈந்தது. வாய்க்கால் காவலும் நீர்ப்பங்கீடும் வட்டைவிதானையின் பொறுப்பாயின. இதனைக் குடியாட்சி என்று புகழ்தல் மிகையாகும். கூட்டத்திற் குரல் போடியாருக்கே உரியது, சேற்றில் இறங்கிய முல்லைக்காரனுக்கு அன்று. ஆயினும் மதகைத் திறப்பவன் யாரென்பதை ஊர் அறிந்திருந்தது. அவனை மறித்து வினவவும் முடிந்தது.

1949ஆம் ஆண்டில் டீ. எஸ். சேனநாயக்காவின் அரசாங்கம் கல்லோயா அபிவிருத்திச் சபையைச் சட்டத்தால் நிறுவிற்று. அமெரிக்காவில் 1933இல் தோன்றிய தெனசிப் பள்ளத்தாக்கு அதிகார சபையே அதற்கு முன்மாதிரி. அமெரிக்கச் சபையின் தலைவராயிருந்த டேவிட் லிலியந்தால், குடியாட்சியே அங்கு நடைபோடுகின்றது என்று 1944இல் நூல் எழுதினார். ஊர்ச் செல்வாக்குடையோரே அங்கே குடிகளின் பெயராற் பேசினர் என்று 1949இல் பிலிப் செல்ஸ்னிக் ஆராய்ந்து காட்டினார். இலங்கையிலோ இத்தகைய விவாதத்துக்கே இடமிருக்கவில்லை. அமெரிக்கக் கம்பனி இங்கினியாகலையில் அணை எழுப்பிற்று. சேனநாயக்க சமுத்திரம் நிரம்பிற்று. சபையினரை நியமித்தது அரசாங்கம். 1931 முதல் சர்வசன வாக்குரிமை பெற்றிருந்த கரையோர மக்கள், தம் ஆற்றை ஆண்ட சபையினருள் ஒருவரையேனும் வாக்கினால் அமர்த்தவோ அகற்றவோ இயலாதவராயினர்.

குடியாட்சி பொறியியலை ஆளவேண்டியிருக்க, பொறியியல் குடியாட்சியின் கணக்கையே மாற்றியது. குடியேற்றத் திட்டத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் சில பகுதிகள் கிடைத்தன. பெரும்பாலானவை சிங்களக் குடியேற்றங்களே. 1956ஆம் ஆண்டு அப்பள்ளத்தாக்கில் தமிழரின் குருதி சிந்தியது. 1960ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்பாறை தனித்தொகுதியாயிற்று. 1961இல் மட்டக்களப்பினின்றும் பிரிந்து தனி மாவட்டமுமாயிற்று. கல்முனையும் அம்மாவட்டத்தினுள் அடங்கிற்று.

திட்டத்தின் வரவுசெலவை முழுமையாகச் சீர்தூக்கிய அறிக்கை, பீ. எச். பாமர் தலைமையில் அமைந்த குழுவினால் 1970இலேயே வெளிவந்தது. செலவுக்கேற்ற பயன் கிட்டவில்லை என்பது அதன் முடிபு. இருபது ஆண்டு கழிந்த பின்னர் இம்முடிபு எவருக்கு உதவும்?

இடையே 1958ஆம் ஆண்டில் பிலிப் குணவர்தனாவின் நெற்காணிச் சட்டம் விதானை முறையை ஒழித்து, பயிர்ச்செய்கைக் குழுக்களைத் தேர்தலால் அமைக்க வழி செய்தது. உழுபவனின் கைக்கு முதன்முறையாக வாக்கு வந்தது. 1972இல் வந்த விவசாய உற்பத்திச் சட்டத்தின் பின்னர் அக்குழுக்கள் அமைச்சரின் நியமனத்துக்கு உட்பட்டன. பதினான்கு ஆண்டுகளில் வாக்கு மீண்டும் கொழும்புக்குச் சென்றது.

பழுதுற்ற இடதுகரை வாய்க்காலைப் புதுப்பிக்கும் வேலையின்போது, கமத்தொழில் ஆராய்ச்சி பயிற்சி நிலையமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் 1981இல் உழவர் குழுக்களை அமைக்கத் தொடங்கின. அவ்வாண்டுச் சிறுபோகத்திற் சமுத்திரம் வற்றியிருந்தது. ஆயினும் வாய்க்காலின் தலைப்பகுதியிலிருந்த சிங்கள உழவர் முறைவைத்து நீரைச் சிக்கனப்படுத்தி, கடைப்பகுதித் தமிழ் உழவருக்கு விட்டனர். எந்தச் சட்டமும் அவரை அதற்குப் பணித்ததில்லை.