இலையுதிர்ந்த தோட்டமும் மழலையர் ஆட்டமும்



பள்ளி விடுமுறை தொடங்கியதும் பெற்றோர் பலர் ஆசிரியர்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "பெரிய பிள்ளைகளுக்குப் பயிற்சி நூல் இருக்கிறது, இரண்டு, மூன்று வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு பகல் முழுவதும் என்ன செய்வது?" இதற்கான விடையின் ஒரு பகுதி, நம் பேராக் மாநிலத் தோட்டப்புற வரலாற்றிலேயே உள்ளது.

1877ஆம் ஆண்டு ஹியூ லோ கோலகங்சாரில் ஒன்பது இரப்பர்க் கன்றுகளை நட்டார். அவற்றுள் ஒன்றெனப் போற்றப்படும் மரம் இன்றும் அந்நகரில் நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வந்தனர். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்யும் வரை இவ்வருகை தொடர்ந்தது.

குளிர்ந்த வேளையில்தான் பால் நன்கு வடியும். எனவே விடியுமுன்னரே பெரட்டு நடைபெறும். தாயும் தந்தையும் உளியும் வாளியுமாக நிரைக்குச் செல்ல வேண்டும். உறக்கம் கலையாத குழந்தையைத் தாய் தோளில் சுமந்து சென்று ஆயாக் கொட்டகையில் விடுவாள். அங்கே தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். முதிய பெண் ஒருத்தி அத்தனை குழந்தைகளையும் பார்த்துக்கொள்வாள். பால் எடுத்து, நிறுத்து முடித்து, பெற்றோர் வீடு திரும்ப நண்பகல் கடந்துவிடும். ஆகவே, தோட்டத்துக் குழந்தைக்குப் பெற்றோருடன் கிடைத்த பொழுது பெரும்பாலும் பிற்பகலும் மாலையுமே.

நம் நாட்டில் கோடை எனத் தனிப் பருவம் இல்லை. ஆயினும் ஆண்டுத் தொடக்கத்து வறண்ட மாதங்களில் இரப்பர் மரங்கள் செம்பழுப்பு நிறமாகி இலையுதிர்க்கும். அதுவே தோட்டத்தின் கோடை எனலாம். பால் குறையும், எடைக்கேற்பக் கூலி பெற்றவர்களின் வருமானமும் குறையும். பெரியவர்களுக்குக் கவலை தந்த அதே காலம், நடக்கப் பழகும் குழந்தைக்குச் சருகு மெத்தையை விரித்தது. சருகின் மேல் ஓடினால் எழும் ஓசையே அதற்குப் போதுமான விளையாட்டு. சில மாதங்கள் கழித்துக் காய்கள் முற்றி வெயிலில் படீரென வெடிக்கும். ஒரு காயில் மூன்று கொட்டைகள் இருக்கும். பெரிய பிள்ளைகள் அவற்றைப் பொறுக்கி ஆடுவர். சிறியவர்கள் வெடியோசையைக் கேட்டுக் கைதட்டுவர்.

இவ்விளையாட்டுகள் நம் மரபுக்குப் புதியன அல்ல. பிள்ளைத்தமிழ் இலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுக்கிறது. சப்பாணி என்பது கைகொட்டல். வாரானை என்பது தளர்நடையிட்டு வருமாறு அழைத்தல். அம்புலி என்பது நிலவைக் காட்டி விளையாட அழைத்தல். சிற்றில் என்பது மணல்வீடு. விலை கொடுத்து வாங்கும் பொருள் எதுவும் இவற்றுக்குத் தேவையில்லை. உடனிருக்கும் ஒரு பெரியவரே தேவை.

அந்தப் பெரியவர் யார் என்பதில்தான் வரலாறு நம்மைக் கவலைகொள்ளச் செய்கிறது. கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. எனினும், பள்ளி இருந்தும் வீட்டின் மூத்த பெண்பிள்ளைகள் பலர் அங்குச் செல்லவில்லை. தம்பியையோ தங்கையையோ இடுப்பில் சுமந்து பார்த்துக்கொள்வது அவர்கள் கடமையாயிற்று. குழந்தை சருகில் மகிழ்ந்து ஓடியபோது, அதன் பின்னே ஓடியவள் எழுத்தறியாமல் வளர்ந்த அக்காள். ஆயாக் கொட்டகை நன்கு நடந்த இடத்தில், குழந்தையைக் காக்கும் அச்சுமை அவளுக்குக் குறைந்தது. குழந்தைக் காப்பகத்துக்கும் பெண்கல்விக்கும் உள்ள இத்தொடர்பை ஆசிரியர்களாகிய நாம் மறத்தலாகாது.

1950களில் தோட்டங்கள் துண்டாடப்படலாயின. அதனை எதிர்கொள்ளவே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. மக்கள் ஈப்போ போன்ற நகர்களுக்குப் பெயர்ந்தனர். சருகும் கொட்டையும் வாசலில் இல்லை. ஆயினும் குழந்தையின் தேவை மாறவில்லை.

எனவே இவ்விடுமுறையில் சிலவற்றைச் செய்து பாருங்கள். வெயில் ஏறுமுன் ஈப்போ டி.ஆர். சீனிவாசகம் பூங்காவுக்கோ அருகிலுள்ள திடலுக்கோ அழைத்துச் செல்லுங்கள். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி நிறம் சொல்லச் செய்யுங்கள். ஈர மணலில் சிற்றில் கட்டுங்கள். இரவில் நிலவைக் காட்டுங்கள். இரப்பர்க் கொட்டை கிடைத்தால் கையில் வைத்துக் காட்டலாம். ஆனால் குழந்தையிடம் கொடுத்துவிடாதீர்கள். அது தொண்டையில் அடைக்கக்கூடியது. பச்சையாகத் தின்றால் நஞ்சும் ஆகும்.

இவற்றையெல்லாம் மூத்த மகளின் பொறுப்பாக்கிவிட வேண்டா. அவளுக்கும் விடுமுறை உண்டு. வாசிக்க நூல்கள் உண்டு. தந்தையரும் தாயரும் நாளுக்கு ஒரு மணி நேரமேனும் மழலையுடன் தரையில் அமருங்கள். பாட்டி, தாத்தா வீட்டில் இருந்தால் அவர்களின் தோட்டத்து விளையாட்டுகளைக் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பள்ளி திறந்ததும் மாணவர்கள் அக்குறிப்புகளை வகுப்புக்குக் கொண்டுவரட்டும். அவை நல்லதொரு வரலாற்றுப் பாடமாகும்.